மூணு நாப்பது பஸ்

அழைப்பிதழில் யார் சின்னம் முதலில் என்பதற்கே
இரண்டு கூட்டம் போனது.
குகை மகளிர் கூட்டமைப்பு,
ஏற்காட்டில் காபித் தோட்டத் தொழிலாளர் சங்கம்,
அஸ்தம்பட்டி மாடிப்படிக்குக் கீழே
ஒரு மேசை, முதுகு உடைந்த நாற்காலி
என்று நாங்கள்.
கடைசியில் மூன்றையும் வட்டமாகப் போட்டோம்.
அச்சகக்காரர் கேட்டார்:
"என்னங்க இது, சக்கரமா?"

பெற்றோர் தலைமைப் பயிற்சி, முதல் நாள்.
கையேட்டில் மூன்றாம் பாடம் நான் எழுதியது:
கூட்டத்தில் எழுந்து பேசுவது எப்படி.
பதினோரு பக்கம்.
எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்பதுவரை.

செவ்வாய்ப்பேட்டை தனகோட்டி
வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைக்கிறவர்.
அவர் புரட்டிய பக்கங்களின் ஓரம்
லேசாக மினுங்கியது.
எழுத்து அவருக்கு மெதுவாகத்தான் வரும்.
பக்கத்திலிருந்த சாகிதா பானு
ஒன்றும் சொல்லாமல்
தன் விரலை அவர் வரிக்குக் கீழே வைத்து
நகர்த்திக்கொண்டே போனார்.

மணி மூன்று.
தலைமைப் பண்புகள் ஏழு.
நான்காவதைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.
நாற்காலி நகரும் சத்தம்.
மலையிலிருந்து வந்த சிலம்பாயி
கையேட்டை மஞ்சப்பைக்குள் திணித்தபடி நின்றாள்.

"மூணு நாப்பதுக்கு பஸ்ஸு.
அத உட்டா ஏழரதான்.
எறங்கி நாலு மைலு நடக்கோணும், காட்டெரும நிக்கும்.
எம் பிள்ள படிக்கற பள்ளிக்கூடத்துல
கக்கூசு இருக்கு, தண்ணி இல்ல.
அதச் சொல்லத்தான் வந்தேன்.
காலையிலருந்து ஒருத்தரும் கேக்கல."

எங்கேயும் மூச்சு விடவில்லை.

சங்கத்து லூர்துராஜ் போனை எடுத்தார்,
கண்டக்டர் தெரிந்தவர்தான், பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லலாம்.
"பஸ்ஸுல இருக்கறவங்களுக்கும் வூடு இருக்குதுங்க"
என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.
கையில் சாக்பீஸோடு நான்.
ஐந்தாவது பண்பு என்னவென்று
இன்றுவரை நினைவில்லை.

அடுத்த பயிற்சி மேலே நடந்தது.
இருபது கொண்டை ஊசியில்
பதினான்காவதில் நான் வாந்தி எடுத்தேன்.
தனகோட்டி எலுமிச்சம்பழம் நீட்டினார்,
அதிலும் மினுக்கம்.
சத்துணவுக் கூடத்தில் பாய் விரித்து
மூன்று அமைப்பும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம்.
பேனர் கட்ட ஆணி கிடைக்கவில்லை.
யாரும் தேடவும் இல்லை.
இரண்டரைக்கே முடித்தோம்.

குழாய் வந்துவிட்டது. தண்ணீர் வரவில்லை.
மேலாண்மைக் குழுவின் தீர்மான நோட்டில்
அதே வாக்கியம் மூன்றாம் முறையாக,
தேதி போட்டு,
கீழே பதினேழு கையெழுத்து.
சிலம்பாயியின் கையெழுத்தில்
'சி' மட்டும் கோட்டைத் தாண்டி நிற்கிறது.

கையேட்டின் இரண்டாம் பதிப்புக்கு
மூன்றாம் பாடத்தை ஒரே வரியாக்கிக் கொடுத்தேன்.
"கூட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று முதலில் கேளுங்கள்."
மிச்சப் பக்கத்தை என்ன செய்வது என்கிறார் அச்சகக்காரர்.
பஸ் நேரம் போடச் சொல்லியிருக்கிறேன்.