நூற்றுப் பதினெட்டாம் பக்கம்

செவ்வாய், வியாழன், சனி.
பீல் மருத்துவமனை, மூன்றாம் மாடி.
ஹெர் ஸ்டுக்கி இடக்கையை எனக்கு நீட்டிவிடுவார்.
வலக்கையில் அந்த நாவல்.

இருபத்திரண்டு வருடம் ஆறாம் இலக்க பஸ் ஓட்டியவர்.
இப்போது நான்கு மணி நேரம்
அவருடைய இரத்தம்தான் ஓடுகிறது:
வெளியே போய்,
மெஷினைச் சுற்றி,
திரும்பி.

"நர்ஸ், இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?
உங்களுக்குத் தெரியாமலா?"
அவர் விரல் நுனியில் ஒரு சமஸ்கிருதச் சொல்
ஜெர்மன் எழுத்தில்
கோட்டு இல்லாமல் வந்தவனைப் போல
விறைத்து நிற்கிறது.

நான் மன்னார்க்காரி.
எங்கள் வீட்டுச் சுவரில் அந்தோனியார்.
சொன்னேன். அவர் நம்பவில்லை.
வாசித்து முடித்ததும் புத்தகத்தை என்னிடமே தந்தார்.

லீஸ் போகும் ரயிலில்
அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன்.
பெர்ன் நகரத்துப் பொறியாளன் ஒருவன்
கங்கைக் கரையில் ஒரு துறவியைத் தேடிப் போகிறான்.
துறவிக்குக் கோபம் வருவதில்லை.
பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதில்லை.
உறைப்புக்கூடச் சாப்பிடுவதில்லை.
அப்படி ஓர் ஆளை அந்தப் பக்கம் நான் கண்டதே இல்லை
(அந்தப் பக்கம் நான் போனதும் இல்லை).
சிரிப்பு வந்தது. மூடி வைத்தேன்.
அடுத்த ஸ்டேஷனுக்குள் திறந்துவிட்டேன்.

கடைசியில் அவன் ஊர் திரும்பிப் பாலம் கட்டுகிறான்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.
பாலம் என்றால் எல்லோருக்கும் விளங்கிவிடும்.

ஆனால் நூற்றுப் பதினெட்டாம் பக்கம்.
பொறியாளன் எழுபது கேள்விகளோடு காத்திருக்கிறான்.
துறவி தேநீர்க் கோப்பையைக் கழுவுகிறார்.
கழுவிக்கொண்டே இருக்கிறார்.
பக்கம் முழுவதும் அவ்வளவுதான்.

ஓரத்தில் பென்சிலில்
ஹெர் ஸ்டுக்கியின் கோணல் எழுத்து:
"லைன் ஆறு. கடைசி நிறுத்தம்.
இன்ஜினை அணைத்த பிறகு."

லீஸ் வந்து, கதவு திறந்து, மூடியது.
நான் இறங்கவில்லை.
கைப்பையில் பேனைதான் இருந்தது.
அவர் வரிக்குக் கீழே தமிழில் எழுதினேன்:
"ஊசியை எடுத்த பிறகு
பஞ்சை அழுத்திப் பிடிக்கும் பத்து நிமிடம்."

சனிக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
நான்கு மணி நேரம் புரட்டிப் புரட்டி
கண்டுபிடித்துவிட்டார்.
"நர்ஸ், இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?"

பொறுங்கள் என்றேன்.
பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன்.