நாயின் வரிசை

நைட்ரஜன் புகைக்குள் கைவிட்டு
முதலில் எலியை எடுப்பேன்.
பிறகு நாய், குரங்கு,
கடைசியில் மூன்று மனிதர்.
எல்லாரும் சுண்டுவிரல் அளவுக் குப்பிக்குள்.
வெந்நீர்த் தொட்டியில் ஆட்டி
ஓரத்தில் ஒரு துளிப் பனி மிச்சமிருக்கும்போதே
நிறுத்திவிட வேண்டும்.
ஃபௌசியா இதற்குக் கடிகாரம் பார்ப்பாள்.
நான் பார்ப்பதில்லை.

தட்டில் ஊற்றினால் மதியத்துக்குள் ஒட்டிக்கொள்ளும்,
கூழாங்கல் பாவிய தரை மாதிரி.
உடனே வேலை வாங்கிவிட வேண்டும்.
மூன்றாம் நாள்
உயிரோடுதான் இருக்கும்,
ஈரலாக இருந்தது மட்டும் மறந்துபோயிருக்கும்.

இன்று காசநோய் மருந்து.
பூஜ்யம், பதினைந்து, முப்பது, அறுபது.
ஒவ்வொரு நிமிடக் கணக்கிலும் கொஞ்சம் உறிஞ்சி
அமிலத்தில் நிறுத்துகிறேன்.
நிபோங் திபால் சாலையில் பழ லோரிகள் திரும்ப,
செம்பனை ஆலை வாடை
முகமூடிக்குள் வந்து உட்கார்கிறது.

எலி மடமடவென்று தின்று தீர்க்கிறது.
குரங்கும் பரவாயில்லை.
நாய்: பூஜ்யம்.
மறுபடி ஓட்டினேன். பூஜ்யம்.
கருவிக்குக் கோளாறில்லை.
நாய்க்கு அந்த நொதியே கிடையாது,
பாடத்தில் படித்ததுதான்.
ஆனாலும் தரையோடு கிடக்கும் கோட்டைக்
கண்ணால் பார்க்கும்போது
ஈரக்குலையில் என்னவோ செய்கிறது.

மனிதரில் ஒருவர் எலியோடு ஓடுகிறார்.
ஒருவர் நடுவில்.
மூன்றாமவர்
ஐம்பத்திரண்டு வயதுப் பெண், புகைப்பழக்கம் இல்லை,
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இலக்க எண்.
அவர் கோடு
நாய்க்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது.

சத்தியசீலன் அண்ணன்
மூன்று மாதமாய் இதே மருந்தை விழுங்குகிறது.
குலை வெட்டப் போகும்போது
சப்பாத்துக்குள்ளே காலே இல்லாத மாதிரி இருக்கு என்கிறது.
கிளினிக்கில் எடை பார்த்தார்கள், ஐம்பத்தெட்டு கிலோ.
வேகம் பார்க்கவில்லை.
அண்ணனுடைய ஈரல் எந்த வரிசை என்று
இத்தனை குழிகள் உள்ள தட்டு சொல்லாது.
நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.
டாக்டரிடம் காலைப் பற்றி
நான்தான் பேச வேண்டும்,
அது பேசாது.

கேட்டுக்கு வெளியே
நேப்பாள ஜாகா வளர்க்கும் கறுப்பு நாய்
ரொட்டிக்கு வாலாட்டுகிறது.
உனக்கு அது கிடையாது, தெரியுமா என்றேன்.
தின்றுவிட்டு,
இன்னும் இருக்கிறதா என்று
கையுறை வாடை போகாத என் விரல்களை
ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது.