பதினான்காம் தொட்டி

கேப் டவுனில் அந்தக் கோடையில்
ஆளுக்கு ஐம்பது லிட்டர்.
குளித்த நீரை வாளியில் பிடித்துக்
கழிப்பறைக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம்.
"எங்கள் தெருக் குழாயில் எப்போதும் இதே அளவுதான்,
செய்தியில்தான் புதிது"
என்றாள் கண்ணாடிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் லுங்கெல்வா.
அங்கே நாங்கள் வேண்டுமென்றே
செடிகளைக் காயவிட்டுக்கொண்டிருந்தோம்.

டிராகன்ஸ்பெர்க் பாறை இடுக்கில் பிறந்தவை.
புல்லைப் போல் இலை, வெளிறிய ஊதாவில் பூ.
தண்ணீர் நின்றால்
வேரும் இலையும் ஓர் அமிலத்தைச் சுரக்கும்.
அது இலையின் நுண்ணிய வாய்களைச் சாத்திவிட்டு
உட்கருவுக்குத் தகவல் சொல்லும்,
அங்கே மடித்துவைத்த ஒரு பக்கம் பிரியும்.

விதைக்கென்று எழுதிய பக்கம்.
காய்ந்தும் சாகாதிருக்கும் வழி
நெல்லுக்கும் தெரியும், சோளத்துக்கும் தெரியும்
விதையாய் இருக்கும்வரை.
முளைவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்ததும் மூடிவிடுவார்கள்.
இந்தச் செடி
வளர்ந்த இலையிலும் அதைத் திறக்கிறது.

முதலில் பச்சையைக் கழற்றும்.
நீரில்லாத இலைக்கு வெயில் விஷம்,
சோறு பொங்கிய அடுப்பே கூரையைப் பிடிக்கும்.
அடுப்பைப் பிரித்து ஓரமாய் வைத்துவிட்டு
நீர் விட்டுப்போன இடத்தில் சர்க்கரையை நிரப்பும்.
பாகு இறுகி இறுகிக் கண்ணாடி.
நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரம்.
தொட்டால் நொறுங்கும்.
எவரும் குப்பையில் போடுவார்கள்.

பிப்ரவரியில் எனக்கு அவசரம்.
மூன்று வாரம் காய வேண்டியதை
மேசை விசிறி வைத்து
ஒன்றரை நாளில் முடித்தேன்.
தொட்டி பதினான்கு. சீட்டில் என் கையெழுத்து:
டெல்மாரி அப்போலிஸ்.
தராசு அதே எடையைக் காட்டியது.
மற்றவை வைக்கோல் நிறத்துக்குப் போயிருக்க
என்னுடையது மட்டும் பச்சையாகவே இருந்தது.
அழகாய் இருக்கிறது என்று
படம்கூட எடுத்தேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் நீர் விட்டோம்.
மூன்றாம் காலை
வைக்கோலின் அடியிலிருந்து பச்சை ஏறிக்கொண்டிருந்தது,
கட்டைவிரல் அளவு, பிறகு ஒரு சாண்.
பதினான்கின் தட்டில்
தேநீர் நிறத்தில் ஏதோ கசிந்து நின்றது.
ஒவ்வொரு செல்லும் உடைந்து
உள்ளிருந்ததை வெளியே விட்டிருந்தது.

ஓர் இலையைத் திரவ நைட்ரஜனில் அரைத்து
எந்தெந்த மரபணு விழித்தது என்று படித்துப் பார்த்தேன்.
பக்கம் பிரியத் தொடங்கியிருக்கிறது.
இரண்டு வரி. மூன்றாவதில் பாதி.
தெரியாமல் சாகவில்லை அது.
படித்து முடிக்க நான் விடவில்லை.

லுங்கெல்வா எதுவும் கேட்கவில்லை.
விசிறியின் வயரைச் சுருட்டி
அலமாரியின் மேல்தட்டில்,
என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

தட்டில் நின்ற பழுப்பு நீர்
கால் லிட்டர் இருக்கும்.
அந்தக் கோடையின் விதிப்படி
அதையும் வாளியில் ஊற்றினேன்.