காரீயம்

ஒரு மணி நேரம்
நிற்க வைக்க வேண்டும் ரத்தத்தை.
கண்ணாடிக் குழலுக்குள், செங்குத்தாக.
சிவப்பு கீழே இறங்க இறங்க
மேலே மஞ்சளாய்த் தெளியும் உயரத்தை
மில்லிமீட்டரில் எழுதுவது என் வேலை.

ராயபுரம். இரவுப் பணி.
துறைமுகத்து லாரி ஒவ்வொன்றுக்கும்
ஒருமுறை நடுங்கி நிற்கிறது மேஜை.
குழல் எண் பதினேழு: ஏசுபாதம், முப்பத்தாறு,
வியாசர்பாடியில் பழைய பேட்டரி உடைத்து உருக்குபவர்.
மூட்டுவலி, வயிற்றுப் பிசைவு,
விட்டுவிட்டுக் காய்ச்சல், மூன்று மாதம்
என்கிறது சீட்டில் டாக்டரின் கோழிக்கிறுக்கல்.

ஐம்பத்தெட்டு.
இருபதைத் தாண்டக் கூடாது.

எங்கேயோ எரிகிறது என்று மட்டும் சொல்லும் இந்த எண்.
எங்கே என்று சொல்லாது.
அழற்சி என்ற சொல்லுக்குள்
அழல் இருப்பதை
நான் படித்த பாடத்தில் யாரும் காட்டவில்லை.

சாயத்தில் நனைத்து
லென்சுக்கு அடியில் வைத்தேன்.
சிவப்பணுக்களுக்குள் நீலப் பொடிப் புள்ளிகள்,
யாரோ மைப்பேனாவை உதறிய மாதிரி.
கால்சியம் என்று பொய்ப்பெயர் கொடுத்து
எலும்புக்குள் குடிவந்திருக்கிறது காரீயம்.
இருபது வருஷ அக்ரிமெண்ட்.
காலி பண்ணச் சொன்னால்
ரத்தத்தில் இறங்கி நடமாடும்.

காவல் நிற்கும் வெள்ளையணுக்கள் பாவம்,
விசில் ஊதி ஊதித்
தெருவையே எழுப்புகின்றன.
திருடன் அகப்படவில்லை.
தூக்கம் கெட்ட ஆத்திரத்தில்
சொந்த வீட்டுக் கதவை உடைக்கின்றன.
நிஜமாகவே ஒரு கிருமி வரும் ராத்திரி
அசந்து போய்விடும்.

கரண்ட் போனது.
டிக்.
இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது.
விளக்கு ஒரு கணம்கூட அணையவில்லை.

மேஜைக்கடியில் புது பேட்டரி.
பழையதைப் போன மாதம்
மீன்பாடி வண்டியில் ஏற்றிப் போனார்கள்,
பில்லில் இரண்டாயிரம் கழித்து.
எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை.
கையெழுத்து என்னுடையது.

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.
எங்கள் தெருச் சண்டையில் தினமும் கேட்டதுதான்.
இன்றைக்கு யார் பித்தளை?

ஈயத்தின் அளவு பார்க்க இங்கே வசதியில்லை.
வெளியே அனுப்ப வேண்டும், பத்து நாள் ஆகும்.
அந்தப் பத்து நாளும் அவர் வேலைக்குப் போவார்.
சாயங்காலம் அதே சட்டையோடு
வாசலிலேயே தூக்கிக்கொள்வார்,
ஓடிவந்து காலைக் கட்டுவதை.

குழல் எண் பதினெட்டு.
ஏ. பெர்சிஸ். ஏழு வயது.
அதே விலாசம்.

மணி மூன்று பத்து.
நிமிர்த்தி வைக்கிறேன்.