ஏழரை

சோதனைக்கூடத்து மனிதர் திருப்புளியால்
பிக்கப்பின் அடிச்சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனார்.
மூன்றாம் தட்டில் திருப்புளி உள்ளே போய்விட்டது,
தேநீரில் நனைந்த பிஸ்கட்டுக்குள் போவதுபோல.
"முடிந்தது" என்றார்.
ஜெர்மனில் அது ஒரே சொல்.
தமிழிலும் ஒரே சொல்தான்.

பதினேழு வருடம்.
சோஸ்ட் நகரத்தில் பாதி முற்றங்களுக்கு
அதன் முதுகில்தான் கல் போனது.
பச்சை மணற்கல், கருங்கல், சல்லி,
ஒருமுறை யாரோ ஒருவரின் பியானோ.
ஒரு தொன் ஏற்றலாம் என்று எழுதியிருந்த தாளை
நான் அதற்கு வாசித்துக் காட்டவேயில்லை.
பொலிஸ்காரர் ஒருவர் மறித்துத் தராசில் ஏற்றினார்.
அறுநூறு கிலோ கூட.
தண்டம் கட்டியது நான்.
முறிந்தது அதன் வில்லுத் தகடு.

சாரதிக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும்.
கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு,
களவெடுக்க வந்தவன்போல
ஒவ்வொரு வேலைத்தளத்திலும்
என் வண்டியிலிருந்து நானே இறங்கினேன்.
மார்கழி மழையில்
இடது தோள் எப்போதும் ஈரம்.

புதிய லொறி ஏழரைத் தொன்.
"ஏழரையா?" என்றாள் தர்மினி.
"சனியன் பெயரைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வருது."
கடன் எண்பத்துநான்கு மாதம்.
கணக்குப் போட்டாள்: ஏழு வருடம்.
"அரை தள்ளுபடி. பறவாயில்லை, வாங்கு."

பிறகுதான் பார்த்தோம்.
எங்கள் இரண்டு பேரின் லைசன்ஸும்
மூன்றரைத் தொன்னோடு நின்றுவிடுகிறது.

பேக்கரியில் அதிகாலை வேலை முடித்து வந்து
மாவு ஒட்டிய விரலால்
காற்றுப் பிரேக் பாடத்தைப் புரட்டினாள்.
முதல் தடவையிலேயே பாஸ்.
நான் இரண்டு தடவை விழுந்தேன்.
முதலில், பின்னால் எடுக்கும்போது ஒரு கூம்பு.
இரண்டாம் முறை ஒரு சைக்கிள்காரி.
அவளை நான் பார்த்தேன் என்று சத்தியம் செய்தேன்.
கண் பார்த்தால் போதாதாம்,
தலை திரும்ப வேண்டுமாம்.
முப்பது வருடம் ஓட்டுகிறவனின் தலை
அவ்வளவு லேசில் திரும்புமா?

பழையதை வாங்க க்வாக்கு வந்தார்.
தொள்ளாயிரம் யூரோ, ஐம்பதுத் தாள்களாக.
ஹம்பர்க், பிறகு கப்பல், பிறகு தேமா.
இழுவைப் பெட்டியில் தானே ஓட்டி ஏற்றினார்.
கதவைப் பற்றிச் சொல்ல நான் ஓடிப் போவதற்குள்
கண்ணாடி இறங்கியது,
கை வெளியே வந்தது,
கதவு திறந்தது.
"எப்படித் தெரியும்?"
"எல்லாக் கதவும் கடைசியில் இப்படித்தான்" என்றார்,
கயிறு கட்டிக்கொண்டே.

வெள்ளிக்கிழமை புதியது வந்து
ஒழுங்கையை முழுதாக அடைத்து நின்றது.
முன்னால் இரண்டு சக்கரம்,
பின்னால் இரட்டை இரட்டையாய் நான்கு.
லிடிலில் எலுமிச்சை வலைப்பையில் ஐந்துதான்.
கடை பூட்டியாயிற்று.
தர்மினி குளிர்சாதனப் பெட்டியைத் துழாவி
எலுமிச்சை வடிவில் செய்த
மஞ்சள் பிளாஸ்டிக் சாற்றுப் போத்தலைக் கொண்டுவந்தாள்.
"சாமிக்குச் சாறுதானே கணக்கு."
கற்பூரம் காட்டினோம்.
சாரதி ஆசனத்தில் அவள் ஏறினாள்.
ஐந்து பழமும் சத்தமில்லாமல் நசிந்தன.
ஆறாவது வெடித்த வெடியில்
எதிர்வீட்டு ஹோல்ஷர் அம்மாள்
ஜன்னலைத் திறந்து பார்த்தார்,
எங்களுக்கு மேல் வானத்தையும் ஒருமுறை.

திங்கட்கிழமை இரண்டு பாலட் கல்லோடு போனோம்.
நான் வலப்பக்கம்,
இல்லாத பிரேக்கை வழி நெடுக மிதித்தபடி.
வட்டச்சந்தியில் அவள் தலை
இடமும் வலமும் திரும்பிக்கொண்டேயிருந்தது,
அந்தப் பரிசோதகர் இன்னும்
பின்னால் இருப்பதுபோல.

வேலைத்தளத்தில் லொறி நின்றது.
பொத்தானை அழுத்திக் கண்ணாடியை இறக்கினேன்,
கையை வெளியே விட்டேன்,
தடவினேன்.

"என்ன தேடுறாய்?" என்றாள்.

மழை தூறத் தொடங்கியிருந்தது.
இந்த முறை வலது தோள்.