கேள்வி ஏழு

கழுத்தில் படம் போட்ட அட்டை, கையில் டேப்லெட்.
பிடோக் வடக்கில் ஒரு பிளாக்,
பன்னிரண்டாம் மாடியில் தொடங்கி
மாடி மாடியாக இறங்கி வருகிறேன்.
ஏறுவதல்ல, இறங்குவதுதான் முழங்காலைப் பிடிக்கும்.
அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கேள்வி ஏழு:
உங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதாக
மருத்துவர் சொன்னதுண்டா?
ஆம்.
இனிப்புநீர்?
ஆம்.
கொழுப்பு?
"மூணும் ஒண்ணாத்தானே வரும், தங்கச்சி.
தனியா வந்தா அதுக்கு என்ன பேரு?"
சிரிக்கிறார் அற்புதராஜ்,
கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வெல்டர்.
காதுக் கருவி உண்டா? உண்டு.
மாட்டுகிறீர்களா?
அவர் என் உதட்டையே பார்க்கிறார்.
கருவி டிவி பக்கத்தில்
சில்லறைக் கிண்ணத்தில் கிடக்கிறது,
இருபது காசுகளோடு.
"பசியாறிட்டியா?" என்று உள்ளிருந்து
அவர் மனைவி என்னைக் கேட்கிறாள்.
ஆச்சு என்கிறேன். இரண்டு பரோட்டா, தே தாரேக்.

ஒன்பதாம் மாடி, மேடம் கோ.
எங்கள் இருவருக்கும் பொதுவாய் இருப்பது
சந்தை மலாய், அதுவும் அரைகுறை.
மருந்துப் பெயர்களைக் கேட்டேன்.
ஒரு பிளாஸ்டிக் பையைக்
கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தாள்.
ரோஜா நிறம் ரத்தத்துக்கு.
பாதியாய் உடைப்பது நெஞ்சுக்கு.
தொண்டையில் நிற்கும் இந்தப் பெரியது
சீனிக்கு.
படிவத்தில் நிறத்துக்குக் கட்டம் இல்லை.
அட்டைகளைத் திருப்பித் திருப்பி
எழுத்துக்கூட்டினேன், நாற்பது நிமிஷம்.
போகும்போது ஓர் ஆரஞ்சு கொடுத்தாள்.
வாங்கக் கூடாதென்பது விதி. வாங்கினேன்.

எட்டாம் மாடி ரோஸ்மான் ஹாஜிக்கு
இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று.
கறுப்பென்று பத்து வருஷமாய்க் கட்டிய கைலி
கருநீலமாம்.
"கடைக்காரனை வீணாய்ச் சந்தேகப்பட்டேன்" என்றார்.
அதையும் எங்கே எழுதுவது?

கேள்வி பத்தொன்பது:
கடந்த ஓராண்டில் கீழே விழுந்தீர்களா?
இல்லை, என்றாள் செந்திருவம்மா.
முழங்கையில் ஊதா நிறம் இன்னும் ஆறவில்லை.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
"விழலம்மா. உட்கார்ந்தேன்.
கொஞ்சம் வேகமா."

செலவு கருதி மருந்தை நிறுத்தியதுண்டா?
நிறுத்தவில்லை, என்றார் அடுத்த வீட்டுக்காரர்.
விசிறி சுற்றும் சத்தம்.
ஒருநாள் விட்டு ஒருநாள், என்றார் பிறகு,
பேர் போடாதீங்க.

பேர் போகாது ஐயா.
பேர் உதிர்ந்து, மாடி உதிர்ந்து,
பத்தில் எத்தனை பேர் என்று
ஒரு பட்டைக் கோடாய் நிற்பீர்கள் எல்லாரும்,
ஆரஞ்சும் கைலியும் இல்லாமல்.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.
நன்றி சொல்லிப் பத்து வெள்ளிக் கூப்பன் நீட்டினேன்.

இரவு என் வீட்டில்
டேப்லெட்டைத் திறந்தேன்.
பழகுவதற்கென்று அதில் ஒரு வீடு உண்டு.
முகவரி: பயிற்சி. பெயர்: பயிற்சி.
போடுவதெல்லாம் நள்ளிரவில் அழிந்துவிடும்.
வயது அறுபத்து நான்கு என்று போட்டேன்.
தண்ணீர் குடித்தேன். மறுபடி குடித்தேன்.
இந்த மாதமாய் இப்படித்தான் ஒரு தாகம்,
இரவில் மூன்று தடவை விளக்குப் போடுவது.

கேள்வி ஏழு.
மருத்துவர் சொன்னதுண்டா?
இல்லை.
பொய்யில்லை.
போனால்தானே அவர் சொல்வார்.
வரச்சொல்லி வந்த கடிதங்கள் இரண்டும்
மின்கட்டண ரசீதுக்குக் கீழே
ஒழுங்காய் மடித்தபடி இருக்கின்றன.

இன்றைக்கு எத்தனை "இல்லை" குறித்தேன்?
பதினொன்று.
அதில் எத்தனை பேருக்கு
என்னைப்போல் ஒரு ரசீது இருக்கும்?

காலையில் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்தேன்.
காத்திருங்கள், காத்திருங்கள் என்று நான்கு மொழியில் கேட்டபின்
ஒரு பெண் குரல்,
படிவத்தைப் படிக்கும் என் குரலைப் போலவே.
சனிக்கிழமை எட்டரைக்கு, ரத்தம் எடுக்க.
முந்தின இரவு பத்துக்குமேல்
தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம் மேடம்.

லிஃப்ட்டில் அற்புதராஜின் மனைவி.
"பசியாறிட்டியா?"
ம், இன்னிக்கு வியாழன்தானே, என்றேன்.
அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.