மூன்று பீப்

பொத்தானை அழுத்தினால்
விசிறி சுற்றுகிறது, பச்சை விளக்கு எரிகிறது,
திரை மட்டும் கறுப்பு.
உள்ளேயிருந்து மூன்று பீப்.
கொஞ்சம் மூச்சு வாங்கி, மறுபடி மூன்று.
கரை எங்கே என்று கேட்கிற படகு மாதிரி.

தங்கச்சிமடம் மெயின்ரோட்டில் என் கடை.
ஜெராக்ஸ், ஆன்லைன், லேமினேஷன்.
தடைக்காலம் முடிய இன்னும் ஒன்பது நாள்.
இன்னாசிக்குப் படகு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும்.
பெல்சியா மகளுக்குச் சாதிச் சான்றிதழ்,
நாளைக்குக் காலேஜில் கடைசித் தேதி.
ரகுமத் பீவிக்கு ரேஷன் கார்டில் வயது தப்பு:
அவர் பெற்ற மகன்
அவரைவிட இரண்டு வயது மூத்தவன்.

வயரைப் பிடுங்கிப் பத்து எண்ணிச் செருகினேன்.
பக்கவாட்டில் ஓர் அறை விட்டேன்.
அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தேன்.
மூன்று பீப்.
ராமநாதபுரம் கடைக்காரர்
போனிலேயே சத்தத்தைக் கேட்டுவிட்டு
"போர்டு போச்சுக்கா. ஆறாயிரத்து ஐநூறு.
அதுவும் கிடைச்சா" என்றார்.
கை தானாகக் காதுக்குப் போய்த்
தோட்டைத் தொட்டுப் பார்த்தது.

இதற்கு முன்பும் ஏமாந்திருக்கிறேன்.
பாஸ்வேர்டில் எண் விழவில்லை என்று
ஐந்து முறை தட்டி, கணக்கு பூட்டிக்கொண்டு,
சர்வரைத் திட்டி, சென்னையைத் திட்டி,
ஆட்சியையே திட்டி முடித்தபோது
ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன்
எக்கி, நம்லாக்கை அமுக்கிவிட்டுப் போனான்.
பிரிண்டர் இரண்டு நாள் காகிதத்தைக் கடித்துத் துப்பியது.
திறந்தால் உள்ளே ஒரு பாஸ்போர்ட் போட்டோ.
யாரோ ஒரு மாப்பிள்ளை
என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் ஒவ்வொரு முறையும்
பெரிய கேடுதான் முதலில் மனதில் வருகிறது.

மூன்று மணிக்குப் பரமக்குடி முனியராஜ் போனை எடுத்தான்.
"அக்கா, ரப்பர் இருக்கா?"
"என்ன ரப்பர்?"
"பென்சில் அழிக்கிற ரப்பர்தான்."
கேலி செய்கிறான் என்று நினைத்தேன்.

மேசை டிராயரில் ஒன்று கிடந்தது.
ரோஸ் நிறம், ஸ்ட்ராபெர்ரி வாசனை,
ஓரத்தில் குட்டிப் பல் பதிந்தது.
எந்தப் பிள்ளையோ விட்டுப் போனது.

நாலு திருகாணி.
"பச்சையா நீளமா ஒரு பட்டை இருக்கும்,
ரெண்டு காதையும் விலக்குங்க, எந்திரிச்சிரும்."
எழுந்தது.
அடியில் வரிசையாகப் பொன் பற்கள்,
பற்களின் மேல் மங்கலாக ஒரு பூச்சு.

வடகடல் இந்தப் பக்கம், தென்கடல் அந்தப் பக்கம்.
வாடையோ கச்சானோ, எனக்கு வருவது உப்பு.
ஜன்னல் கம்பியைத் தின்னும், சைக்கிள் செயினைத் தின்னும்,
கடைப் பெயர்ப்பலகையில் 'லே'யைத் தின்று
'மினேஷன்' ஆக்கியிருக்கிறது.
மூடிய பெட்டிக்குள்ளும் அதற்கு வேலை இருக்கும் என்று
நான் நினைக்கவில்லை.

தேய்த்தேன்.
ஸ்லேட்டு நாளிலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம்
அழித்தால் போய்விடும் என்பதுதான்.
இங்கே அழிக்க அழிக்க
பளிச்சென்று ஏறியது நிறம்.
மெமரிக்கு ரப்பர் வைத்தியம்!
செருகினேன். இரண்டு காதும் 'டிக்' என்றன.

ஒரே ஒரு பீப்.
அப்புறம் நீலம்.

"என்ன கோளாறு தாயி?" இன்னாசி எட்டிப் பார்த்தார்.
காலை ஒன்பதிலிருந்து நிற்கிற மனிதர்.
டீயும் அவர் காசில்தான் வாங்கித் தந்தார்.
அந்த முகத்தைப் பார்த்து
ரப்பர் என்று சொல்ல நாக்கு எழவில்லை.
"மெமரி கனெக்ஷன்ல ஃபால்ட்" என்றேன்,
ஆபரேஷன் முடித்த டாக்டர் குரலில்.
பொய்யில்லை.
ரகுமத் பீவி மட்டும்
மேசையில் சிந்திய ரோஸ் துகளை
விரலால் ஒற்றி முகர்ந்துவிட்டு
ஒன்றும் கேட்கவில்லை.

முனியராஜிடம் எவ்வளவு என்றேன்.
"எதுக்குக்கா? ரப்பர் உங்களோடதுதானே."

மறுநாள் சாயங்காலம்
யூனிஃபார்மில் ஒருத்தி வந்து நின்றாள்.
"என் ரப்பர இங்க விட்டுட்டுப் போயிட்டேன்."
பிளேடால் இரண்டாக வெட்டி
பல் பதிந்த சுத்தமான பாதியை நீட்டினேன்.
"முழுசா இருந்துச்சே" என்றாள்.
இரண்டு ஜெராக்ஸ் இலவசம் என்று பேசி முடித்தோம்.

கறுத்த பாதி கல்லாவில் இருக்கிறது.
ஐம்பது பைசாக்களோடு.